இன்னும் ஒருக்காத் தாங்கும்

துப்பாக்கிக் கழகத்தில் சுட்டு முடித்ததும் எல்லோரும் தொலைநோக்கியில் கண்ணை வைத்துத் தங்கள் இலக்குப் பலகையைப் பார்ப்பார்கள். அவர் பார்க்கமாட்டார். குனிவார். துவக்கிலிருந்து தெறித்து விழுந்த வெற்றுக்கோதுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, சூடு ஆறாதவற்றை உள்ளங்கையில் உருட்டி, மேற்சட்டையின் இடப்பக்கப் பைக்குள் போட்ட பிறகுதான் சன்னம் எங்கே பட்டதென்று விசாரிப்பார்.

"பட்டது பட்டதுதான் தம்பி. அதுக்கு இனி ஒண்டும் செய்யேலாது. கோதுதான் நாளைக்கும் எங்களோடை வாறது."

வெளியாருக்கு விளங்குவதற்காக ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு தோட்டா வெடித்ததும் சன்னம் பறந்துவிடும், மருந்து எரிந்துவிடும், பித்தளைக் கோது மட்டும் மிஞ்சும். அதைத் துப்புரவாக்கி, அச்சில் அழுத்தி, புது மருந்தும் புதுச் சன்னமும் வைத்தால் மறுபடி சுடலாம். அதற்குப் பிறகும் சுடலாம். ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் பித்தளை எப்பன், ஒரு துளியளவு, இழுபட்டு மெலிகிறது. அடிக்குச் சற்று மேலே, உள்பக்கத்தில், ஒரு பள்ளம் வளையமாக விழத் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தெரியாமல் அதையே நிரப்பிச் சுட்டால் கோது இரண்டாக அறும். முன்னே போகவேண்டிய நெருப்புக்காற்றில் ஒரு பங்கு பின்னே, சுடுகிறவனின் முகத்துக்கு வரும். ஒரு கோது தரக்கூடிய கடைசி வெடிக்கும் அதற்கு அடுத்த வெடிக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் அவர் குடியிருந்தார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பிழைப்புக்கு அவர் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலை பார்த்தார். குழாய், பூட்டு, கதவுப் பிணைச்சல் எல்லாம் அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பாரிஸுக்கு வடக்கே, பழைய கல்லுடைத்த பள்ளமொன்றில் இருந்த துப்பாக்கி சுடும் கழகத்துக்குப் போவார். உரிமம், மருத்துவச் சான்று, துவக்கு பூட்டிவைக்கும் இரும்புப் பெட்டி எல்லாம் சட்டப்படி. எங்கள் ஆட்களில் அந்தக் கழகத்தில் அவர் ஒருவர்தான். பிறகு நான் போய் இரண்டு பேரானோம்.

எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் கொஞ்சம் வளைத்துப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார், பிறகு தீர்ப்புச் சொல்வார்: "இன்னும் ஒருக்காத் தாங்கும்." சப்பாத்துக் கயிறு, கடைப் பை, ஹோட்டல் அறையின் கதவுக் குமிழ் எல்லாவற்றுக்கும் இதுதான். கஞ்சத்தனம் என்று நினைத்தால் பிழை. தாங்காது என்றால் அந்த இடத்திலேயே எறிவார். ஒருநாள் கழகத்துக்குப் போகும் வழியில், காரின் சத்தத்தில் எதையோ கேட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாக நிறுத்தி, பின்னாலிருந்து எஞ்சினுக்கான புதுப் பட்டி ஒன்றை எடுத்து மாற்றினார். கழற்றிய பழையது எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. அவர் அதை உள்பக்கம் வெளியே தெரிய மடித்துக் காட்டினார். நூல்நூலாக வெடித்திருந்தது.

"அறுந்தாப் பிறகு மாத்திறவன் மடையன். புதுசாயிருக்கேக்கை மாத்திறவன் ஊதாரி. அறுகிறதுக்கு முதல்நாள் மாத்தவேணும்."

"எது முதல்நாளெண்டு என்னெண்டு அண்ணை தெரியும்?"

"கை சொல்லும்."

அந்தக் கையை நான் நம்பினேன். நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் அவரை அறிந்தது பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில், ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்க மேசையில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா மன்னாரில் கடலுக்குப் போனவர், அங்கேயே காலமானவர். அம்மா தன் கையெழுத்தைப் படம் கீறுவதுபோலக் கீறுவார். அதனாலோ என்னவோ, கடிதம் வாசிக்கத் தெரியாதவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. கிழமை நாட்களில் லா கூர்னெவில் ஒரு வீட்டுவசதி அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமைகளில் அந்தக் கடை மேசையில் இருந்து எங்கள் ஆட்களின் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்லி, பதில் எழுதிக் கொடுப்பேன். அவர் கழகத்தின் விதிமுறைத் தாள்களைக் கொண்டுவந்தார்.

கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "இஞ்சை பாருங்கோ அநியாயத்தை! நாங்கள் வெடிச்சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தனாங்கள். இந்தாள் வேலைமினக்கெட்டு வெடிவைக்கப் போகுது."

"நீ வெடிக்குப் பயந்து வந்தனீயோ? உன்ர மாமியாருக்குப் பயந்து வந்தனீ," என்றார் அவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு வெடிச்சத்தம் சிரிப்பில்லை. சிறுவயதில் பதுங்குகுழிக்குள் கேட்டவை என் உடம்பில் எங்கோ இருந்தன. பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலைப் பதினாலுக்கு முதல்நாள் பின்னேரம், தெருவில் பிள்ளைகள் பட்டாசைக் கொளுத்திக் கடை வாசலில் எறிந்தார்கள். கண் திறந்து பார்த்தபோது நான் மேசைக்கடியில் அரிசிப் பைகளுக்கு நடுவில் கிடந்தேன். "பட்டாசடா தம்பி! பாரிஸிலை நிக்கிறாய்!" என்று யாரோ கைதட்டிச் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. குந்தியிருந்து, நான் தவறவிட்ட பேனையை எடுத்து நீட்டினார்.

"சத்தம் ஆற்றை கையிலை இருக்கெண்டதுதான் விசயம். எல்லாக் காலமும் மற்றவன்ரை கையிலை இருந்தது. ஒருக்கா உன்ர கையிலை இருக்கட்டும். பேந்து பார்."

போனேன். காதுமூடி போட்டு, அவருடைய இரண்டாவது துவக்கின் பின்கட்டையைத் தோளில் வைத்து, மூச்சை விட்டு, விசையை நானே இழுத்தேன். முதல் வெடிக்கு அழுகை வந்தது. அவர் தெரியாதவர்போல நிலத்தைப் பார்த்துக் கோது பொறுக்கினார். அடுத்த ஜூலையில் பட்டாசு வெடித்தபோது நான் பேனையைக் கீழே வைக்கக்கூட இல்லை. இதை எனக்குச் செய்து தந்தவர் அவர். அதை மறுத்து எழுத என்னால் முடியாது, இன்றைக்கும்.

கோதுகளுக்கு உயிர்கொடுக்கும் வேலை அவர் மனைவி சமைக்கும் குசினி மேசையில் நடக்கும். வீடு லாச்சப்பல் நிலையத்துக்கு அருகே, தூண்கள்மேல் ஓடும் மெட்ரோவுக்கு நேரே மூன்றாம் மாடியில். மருந்து நிறுக்கும் சின்னத் தராசின் முள் ஒவ்வொரு மெட்ரோவுக்கும் நடுங்கும். கரண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, "போகட்டும்," என்பார். போகும். முள் ஆறும். பிறகுதான் அடுத்த மருந்துமணி விழும். ஒருநாளும் அவர் அந்த ஆறுதலுக்கு முன்னம் அவசரப்பட்டதில்லை.

அச்சில் கோதை அழுத்தும்போது அதன் தோளை ஒரு மயிரளவுக்குமேல் பின்னுக்குத் தள்ளமாட்டார். கூடத் தள்ளினால் அடுத்த வெடியில் கூட இழுபடும், சீக்கிரம் சாகும். மருந்தை உச்சத்துக்குக் கொண்டுபோகமாட்டார். அடிக்கடி இறுகிப்போகும் கழுத்துகளை, ஹோட்டல் சமையலறையில் இனிப்பின்மேல் சீனி கருக்கும் சின்ன எரிவாயு விளக்கின் நெருப்பில் சுற்றிச்சுற்றிக் காட்டி இளக்குவார். கோதின் அடியை வெறும் விரல்களால்தான் பிடிப்பார். "விரல் சுட்டால் விட்டிடவேணும். கழுத்து இளகலாம். அடி இளகினால் ஆள் முடிஞ்சான்." கடைசியாக, நுனி வளைத்த மெல்லிய கம்பி ஒன்றைக் கோதுக்குள் விட்டு உட்சுவரைத் தடவி இழுப்பார். கண்ணை மூடிக்கொள்வார். கம்பி எங்காவது இடறினால் அதுதான் வளையம்.

நான் செய்தது கோதின் அடியில் பொறி தட்டும் பழைய கேப்புகள் இருந்த குழிகளைச் சுரண்டித் துடைத்ததும், பிரெஞ்சு வழிகாட்டியை வாசித்துச் சொன்னதும்தான். மருந்துப் போத்தலைத் தொட அவர் என்னை விட்டதேயில்லை.

ஒரே நேரத்தில் வாங்கி, ஒரே எண்ணிக்கையில் சுட்ட கோதுகளெல்லாம் ஒரு கூட்டம். கூட்டத்தைக் கலக்கக்கூடாது. எந்தக் கூட்டம் எந்த வயதில் என்பதற்கு அடிப்பக்கத்தில் மனைவியின் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்பார். பச்சை இளசு. நீலம் நடுவயது. சிவப்பு என்றால் முடிந்தது, இனி நிரப்பக்கூடாது. சிவப்புப் பொட்டுகள் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போகும். வசதிப்பட்டபோது எல்லாவற்றையும் குறடால் நசித்து, இன்னொருவர் எடுத்து நிரப்பமுடியாதபடி ஆக்கித்தான் பழைய இரும்புக்குப் போடுவார்.

"அக்கா, இந்த வீட்டிலை நகம் பூசிறது ஆர்? நீங்களோ துவக்கோ?" என்று ஒருநாள் அவர் மனைவியிடம் கேட்டேன்.

"ஐயோ தம்பி, எனக்குக் கலியாணவீட்டுக்குப் பூச ஒரு சிவப்பு மிஞ்சாது. கடையிலை இந்தாள் எனக்கு நிறம் தெரிஞ்செடுக்குதெண்டு சனம் நினைக்குது. எவ்வளவு அன்பான மனுசனெண்டு!"

"அன்புதான்," என்றார் அவர், கண்ணை மூடிக் கம்பியை இழுத்தபடி.

கழகத்தில் அவருக்கு இருந்த மரியாதை ஒரே நாளில் வந்தது. ஒரு வெள்ளைக்காரர், நல்ல வசதியானவர், தன் கோதுகளைப் பெட்டி நிறையக் கொண்டுவந்து அவரிடம் காட்டினார். இவர் கம்பியை விட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரேயொரு கோதில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய பிரெஞ்சு எப்போதும் பாதி வசனத்தில் என் பக்கம் திரும்பும். மீதியை நான் முடித்துவைக்கவேண்டும். "முழுக்க எறியச் சொல்லு," என்றார். அந்த மனிதர் சிரித்து, கெட்டது ஒன்றுதானே என்றார். "ஒண்டுக்கு வந்தால் எல்லாத்துக்கும் வந்ததுதான். கூடப் பிறந்ததுகள். இண்டைக்கில்லாட்டில் நாளைக்கு." குறடை எடுத்து அந்த மனிதர் பார்த்திருக்கவே பெட்டி முழுவதையும் நசித்தார். கழகத் தலைவர், ஓய்வுபெற்ற பல்வைத்தியர், நெற்றிவிளக்கைப் போட்டுக்கொண்டு நசிந்த கோதொன்றைச் சொத்தைப்பல் பார்ப்பதுபோலப் பார்த்தார். வளையம் இருந்தது. அதற்குப் பிறகு கழகத்தில் யார் புதிதாகக் கோது நிரப்பத் தொடங்கினாலும் இவரிடம் காட்டிவிட்டுத்தான் சுடவேண்டும் என்று தலைவர் அறிவித்தார்.

அன்று திரும்பும் வழியில் அவர் வழக்கத்தைவிட மெதுவாகக் கார் ஓட்டினார். பாரிஸின் எல்லையில், போர்ட் து லா சப்பல் வந்ததும், "ஹோட்டலிலை என்னை ஆரும் ஒண்டும் கேக்கிறேல்லைத் தம்பி," என்றார்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. சார்செல்லில் எங்கள் வீட்டில், மாதா படத்துக்குப் பின்னால், என் பிரெஞ்சுக் குடியுரிமை விண்ணப்பம், அம்மாவின் சொல்லில் தொசியே, கிடைத்ததற்கான அத்தாட்சியைச் செருகி வைத்திருந்தார். குடியுரிமை கிடைத்தால்தான் நகரசபையின் நிரந்தர வேலைக்கான பரீட்சை எழுதலாம். அம்மா விடியற்காலையில் எழும்பி அலுவலகங்கள் கூட்டப் போவது அதோடு நிற்கும் என்பது எங்களுக்குள் பேசாத ஒப்பந்தம்.

"உன்ர தொசியே உள்ளுக்கை கிடக்குது. துவக்கோடை சேத்து உன்ர பேர் ஒரு கடதாசியிலயும் வரப்படாது, சொல்லிப்போட்டன்."

"அம்மா, துவக்கு அவற்றை. தோட்டா அவற்றை. நான் சும்மா சுடுறன். அவரைப்போலக் கவனமான ஆள் இல்லை."

"கவனமான ஆக்களுக்குத் தங்களிலைதான் கவனம்."

அம்மாவுக்கு உலகம் தெரியாது என்று நினைத்தேன்.

போன வருடம் ஒரு காலம், எங்கள் அளவுத் தோட்டாவுக்குப் புதுக் கோது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அவர் மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். பச்சைப் பொட்டுகளை எண்ணி எண்ணி ஒதுக்கி வைப்பதைக் கண்டேன். "இந்த ஞாயிறு நான் வராமல் விடுறன் அண்ணை, உங்களுக்குக் காணாது," என்றேன். "விசரே உனக்கு? உனக்கில்லாமலோ," என்றார். அந்த வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது அக்காதான் கதவைத் திறந்தார்.

"தம்பி, நீராவது கேளும் இந்த மனுசனை. நகப்பூச்சு அழிக்கிற தண்ணி போன கிழமைதான் வாங்கினனான். போத்தல் காலி! பூசத்தான் எடுக்கிறாரெண்டால் இப்ப அழிக்கவும் எடுக்கிறார்."

"பிழையாப் பூசிப்போட்டன்," என்று குசினியிலிருந்து குரல் வந்தது. நாங்கள் சிரித்தோம். எனக்கென்று அடைத்து வைத்திருந்த பெட்டியைத் தந்தார். அடிகள் சுத்தமாக, பொட்டில்லாமல் மினுங்கின. புதுசு எங்கேயோ தேடிப்பிடித்திருக்கிறார் என்று நினைத்து இரண்டு தரம் நன்றி சொன்னேன்.

ஞாயிறு காலை. தூறல். முதல் சில வெடிகள் நன்றாகப் போயின. பிறகு ஒன்று வேறு மாதிரி வெடித்தது. முன்னே போகும் சத்தமில்லை, உள்ளே வரும் சத்தம். கன்னத்தில் சுடுமணலை எறிந்ததுபோல இருந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கருகிய வாசனை. நான் மேசைக்கடியில் கிடந்தேன். அரிசிப் பைகள் மட்டும்தான் இல்லை. எங்கேயிருக்கிறேன் என்றே தெரியவில்லை. யாரோ பிரெஞ்சில் எல்லோரையும் நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். அவருடைய சப்பாத்துகள் என்னை நோக்கி வருவதைப் பார்த்தேன். குனிந்தார். என்னைத் தூக்கத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் துவக்கின் பூட்டை இழுத்து, அதோடு வந்து விழுந்த அறுந்த அடித்துண்டை எடுத்து மேற்சட்டையின் இடப்பக்கப் பைக்குள் போட்டார்.

பழக்கதோஷம் என்று அப்போது நினைத்தேன். மனிதன் பதறினால் கை தன் வழமையைச் செய்யும்.

என்னைத் தூக்கியவர் தலைவர், அந்தப் பல்வைத்தியர். கன்னத்தில் இருந்த பித்தளைத் துகள்களை இடுக்கியால் எடுத்துக்கொண்டே அவரைப் பார்த்துக் கேட்டார்: இந்தத் தோட்டாக்களை நிரப்பியது யார்?

அவர் பிரெஞ்சில் சொன்னார்: "இவர்தான். என் வீட்டில், என் கருவிகளில், இவர்தான் நிரப்பினார். அவசரப்படாதே என்று சொன்னேன். கேட்கவில்லை."

முழு வசனம். நடுவில் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. ஒரு சொல்லுக்குக்கூட என்னைத் தேடவில்லை.

பல்வைத்தியர் என்னைப் பார்த்தார். கழகத்தில் எல்லோருக்கும் தெரியும், நான் அந்தக் குசினி மேசையில் இருப்பவன் என்று. நான் வாயைத் திறந்தேன். யார் யாருக்கோ எத்தனையோ கடிதம் எழுதிக்கொடுத்த எனக்கு ஒரு பிரெஞ்சுச் சொல் வரவில்லை. இன்னும் காதுக்குள் அந்தச் சத்தம். தலைவர் என்னை இடைநிறுத்தி அறிக்கை எழுதினார். இப்படியான விபத்து நடந்தால் குடியுரிமைக் கோப்புகளையும் பார்க்கும் அரச அலுவலகமான பிரெஃபெக்தூருக்கு அறிவிக்கவேண்டும் என்று வருத்தத்தோடு சொன்னார். என் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினார்.

காரில் அவர், "நீ ஒண்டும் கதையாதை. நான் பேந்து ஆறுதலாக் கதைச்சுச் சரிப்பண்ணுறன்," என்றார். நான் தலையாட்டினேன். உண்மையாகவே நம்பினேன். அவருடைய உரிமம் போனால் எல்லாத் துவக்குகளும் போகும், அதனால் ஏதோ யோசித்துச் சொல்லியிருக்கிறார், சரிப்பண்ணுவார் என்று சார்செல் போகும் ரயிலில் அவருக்காக நானே நியாயங்கள் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், மிஞ்சிய தோட்டாக்கள் இருந்த பெட்டி என் பைக்குள்ளேயே வந்திருந்தது. கையில் வைத்திருக்கக்கூடாத பொருள், நாளைக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று எடுத்து வைத்தேன். குசினி விளக்கின் கீழே ஒன்றைத் திருப்பியபோது, கேப்பைச் சுற்றியுள்ள மெல்லிய பள்ளத்தில், துடைத்த துணி எட்டாத இடத்தில், மயிரிழையாகச் சிவப்பு. அடுத்ததிலும். அதற்கு அடுத்ததிலும். அக்காவின் காலிப் போத்தல் ஞாபகம் வந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பும்.

அவர் தெரியாமல் செய்யவில்லை. அந்தக் கம்பி பொய் சொல்லாது. வளையத்தைத் தடவி அறிந்து, சிவப்பு வைத்து, பிறகு சிவப்பை அழித்து, இன்னும் ஒருக்காத் தாங்குமா என்று பார்த்திருக்கிறார். தன்னுடைய கன்னத்தை வைத்துப் பார்க்கவில்லை.

நேரே பல்வைத்தியரிடம் போயிருக்கவேண்டும். இப்போது எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பேனையை எடுத்துத் தந்த ஆளை, ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிக் காட்டிக்கொடுப்பது? அடுத்த நாள் வேலை முடிந்து பெட்டியோடு அவர் வீட்டுக்கு ஏறினேன். அக்கா இல்லை. பெட்டியைக் குசினி மேசையில் வைத்து, ஒன்றைத் திருப்பிச் சிவப்பைக் காட்டினேன்.

அவர் மறுக்கவில்லை. கதிரையில் அமர்ந்து, கையால் முகத்தைத் துடைத்தார்.

"தாங்குமெண்டுதான் நினைச்சன். என்ர துவக்கிலையெண்டால் தாங்கியிருக்கும். நீ சுட்ட மற்றத் துவக்கிலை கோது நிக்கிற அறை எப்பன் நீளம்."

"அண்ணை, நான் இதைக் கொண்டுபோய்க் காட்டேல்லை. நீங்களே போய்ச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் தலைவர் விளங்கிக்கொள்ளுவார். என்ர தொசியே உள்ளுக்கை இருக்கெண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

"ஓம். சொல்லத்தான் வேணும்." தராசின் முள்ளை விரலால் நேராக்கினார். "பெட்டியை வைச்சிட்டுப் போ. இதுகளைக் கொண்டு திரியிறது ஆபத்து. நானே கொண்டுபோய்க் காட்டுறன்."

வைத்தேன்.

வடக்கு ரயில் நிலையம்வரை போனவன், குடையை மறந்துவிட்டு வந்ததால் திரும்பி ஏறினேன்; கதவு சாத்தியிருக்கவில்லை. அவ்வளவு கெதியாகச் செய்வார் என்று நினைக்கவில்லை. சன்னங்களைக் கழற்றி, மருந்தைக் கொட்டி, குறடைக் கையில் எடுத்திருந்தார். நிதானமாக, ஒன்றும் விடாமல், ஒரே அளவு அழுத்தத்தில் நசித்துக்கொண்டிருந்தார். மேசையில் ஈரத்துணி, பக்கத்தில் அக்காவின் புதுப் போத்தல். நசிந்த ஒவ்வொன்றின் அடியையும் துடைத்த பிறகுதான் தகரத்துக்குள் போட்டார்.

"அண்ணை."

நிமிர்ந்தார். அவர் முகத்தில் பிடிபட்ட களையில்லை. வேலைக்கு நடுவில் யாரோ கூப்பிட்டதுபோலத்தான் பார்த்தார்.

"ஒண்டுக்கு வந்தால் எல்லாத்துக்கும் வந்ததுதான் தம்பி," என்றார் மெதுவாக. "இதுகளை வைச்சிருக்கப்படாது."

அவர் சொன்னது பிழையில்லை. இந்த வேலையில் அதைவிடச் சரியான விதி கிடையாது. என் கண் முன்னால் அவர் அதன்படிதான் நடந்தார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பல்வைத்தியரிடம் போனேன்தான். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, ஆதாரமாகக் காட்டப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்றார். துவக்கின் அறைக்குள் இறுகிநின்ற முன்பாதிக் கோதைத் தன் மேசைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். அதில் நிறம் வைக்கும் இடமே இல்லை. அடி வேண்டுமே என்றார். அடி யாருடைய பையில் என்று சொன்னேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்து, தன் கழகத்திலேயே கவனமான மனிதர் அவர்தான் என்றார்.

குடியுரிமை விசாரணையில் அந்த அறிக்கையைத்தான் முதலில் கேட்டார்கள். உண்மையைச் சொன்னேன். உண்மையை நிறுவ ஏதாவது உண்டா என்று கேட்டார் விசாரித்த பெண் அதிகாரி. இரண்டு வருடத்துக்கு ஒத்திவைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. அம்மா அதை என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மாதா படத்துக்குப் பின்னால் பழையதோடு சேர்த்துச் செருகினார். அடுத்தநாள் விடியற்காலையில் அம்மா வேலைக்குச் சப்பாத்துப் போடும் சத்தம் எனக்குக் கேட்டது. இந்த ஜூலையில் நான் கடை மேசைக்குப் போகவில்லை.

போன மாதம் லாச்சப்பலில், மெட்ரோத் தூண்களுக்குக் கீழே, அவரைக் கண்டேன். கையில் காது பிய்ந்து முடிச்சுப் போட்ட கடைப் பை, அதற்குள் முருங்கைக்காய். விலகிப்போக இடமிருக்கவில்லை.

"தம்பி! அம்மா சுகமோ?"

"ஓம் அண்ணை, சுகம்," என்றேன். எத்தனையோ நாள் மனதுக்குள் எழுதி வைத்திருந்த வசனங்களில் ஒன்றும் வரவில்லை, மரியாதைதான் வந்தது.

கிட்ட வந்து என் தோளில் கை வைத்தார். "கேள்விப்பட்டன். ரெண்டு வருசம்தானே, திருப்பிப் போடலாம். உனக்குப் படிப்பிருக்கு, வயசிருக்கு. என்னைப் போலையோ? நீ இன்னும் ஒருக்காத் தாங்குவாய்." கட்டைவிரல் என் தோளெலும்பை மெல்ல அழுத்தியது. மேலே மெட்ரோ வந்தது. தூண் அதிர்ந்தது. முன்பு கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோலவே, கையை எடுக்காமல், அது போகட்டும் என்று நின்றார்.

போனது.

"கம்பி விட்டுப் பாத்தனீங்களோ அண்ணை?" என்று கேட்டேன்.

கையை எடுத்தார்.